பழைய போர்க்கள ரேஷன்: சேகரிப்பது, காப்பது, மறுபடி சமைப்பது

ரேஷன் என்றால் எடை. ஒரு படைவீரனுக்கு ஒரு நாளைக்கு ரொட்டி இவ்வளவு, இறைச்சி இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று அரசு எழுதி வைத்து நிறுத்துக் கொடுத்ததுதான் அது. சமையல் குறிப்பு அதற்குப் பிறகுதான் வரும். பல படைகளில் வரவே இல்லை. அதனால் இந்த வேலையில் சட்டியைவிடத் தராசுதான் முக்கியம். ருசியை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குபவர்கள் ஒரு நல்ல சூப்பைச் சமைத்துவிடுவார்கள், ஆனால் அது யாருடைய ரேஷனாகவும் இருக்காது.

தொடங்க நான்கு கருவிகள் போதும்: 1 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு, ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர், மில்லிமீட்டர் குறித்த இரும்பு ஸ்கேல், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். கூடவே ஒரு நோட்டுப்புத்தகம்.

பழையதை வாயில் வைக்காதீர்கள்

சேகரிக்கும் பொருள் வேறு, சாப்பிடும் பொருள் வேறு. இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம்.

பழைய இறைச்சி டின்னுக்குள் காற்று இல்லை, அமிலமும் குறைவு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர அதைவிட வசதியான இடம் கிடையாது. அதன் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை போனால்தான் சாகும். அது உண்டாக்கும் நஞ்சுக்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. டின் உப்பியிருந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். உப்பாத டின்னிலும் நஞ்சு இருக்கலாம் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மேலும், பழைய டின்களின் பக்கத் தையலை ஈயம் கலந்த பற்றுதான் மூடியிருக்கும். பல பத்தாண்டுகளில் அந்த ஈயம் உள்ளே இறங்கியிருக்கும். பிஸ்கட், சாக்லேட், காபித்தூள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். உலர்ந்த பண்டத்தில் அந்தக் கிருமியின் நஞ்சு உண்டாகாது என்றாலும் காறிப்போன கொழுப்பு, பூஞ்சை, அந்தக் காலத்துப் பூச்சிமருந்து ஆகியவை இருக்கும். எத்தனை பேர் தின்று காட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒரு படை, ஒரு காலம்

எல்லாக் காலத்தையும் சேர்க்கப் போனால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டின் வருவதற்கு முன் எல்லாம் உலர்த்தியது, உப்பிட்டது, புளிக்காடி சேர்த்தது. ரோமானியப் படைக்கு புக்கெல்லாடும் என்ற இரட்டை வேக்காட்டு ரொட்டியும், காடியைத் தண்ணீரில் கலந்த போஸ்காவும் இருந்தன. ஜப்பானில் வேகவைத்து உலர்த்திய அரிசி இருந்தது. சேப்பந்தண்டை மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் வேகவைத்து, உலர்த்தி, கயிறாகத் திரித்து மூட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். பசித்தபோது அதையே வெட்டி வெந்நீரில் போட்டால் சூப். பிரான்சில் நிக்கோலா அப்பேர் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1810இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அதே ஆண்டு பீட்டர் டியூராண்ட் டின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். 1813 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படைக்கு டின் உணவு போய்ச் சேர்ந்தது. டின் திறக்கும் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது 1850களில்தான். அதுவரை உளியும் சுத்தியலும்.

சேகரிப்பவருக்கு வளமான காலம் 20ஆம் நூற்றாண்டு. அமெரிக்காவின் டி ரேஷன் சாக்லேட் (1937), சி ரேஷன் (1938இல் தொடங்கியது), உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கி 1942இல் ஏற்கப்பட்ட கே ரேஷன், 1958 முதல் 1981 வரை வந்த எம்.சி.ஐ. (டின்னில் அடைத்த தனிநபர் போர்க்கள உணவு), அதற்குப் பின் எம்.ஆர்.ஈ. (பையில் அடைத்த, உடனே உண்ணத்தக்க உணவு) என்று தொடர்ச்சி தெளிவாக இருக்கிறது. கே ரேஷனின் முழுப்பெட்டி அரிதாகவே கிடைக்கும். காரணம் எளிது: உள்ளே இருந்த மெழுகு அட்டைப்பெட்டியைக் கொளுத்தி, அந்தத் தீயில் ஒரு கோப்பை காபியைச் சூடாக்கிக்கொண்டார்கள். காலி டின், பிஸ்கட் உறை, 38 மில்லிமீட்டர் நீளமுள்ள பி-38 டின் திறப்பான் ஆகியவை தாராளமாகக் கிடைக்கும். அங்கிருந்து தொடங்குவது நல்லது.

ரேஷன் பட்டியலைப் படிப்பது

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்கு ஒரு நாள்: 12 அவுன்ஸ் பன்றி இறைச்சி, அல்லது 1 பவுண்டு 4 அவுன்ஸ் மாட்டிறைச்சி; 1 பவுண்டு கடின ரொட்டி, அல்லது 1 பவுண்டு 6 அவுன்ஸ் மென்ரொட்டி. பிறகு பட்டியல் சட்டென்று மாறுகிறது: 15 பவுண்டு பீன்ஸ், 10 பவுண்டு பச்சைக் காபிக்கொட்டை அல்லது 8 பவுண்டு வறுத்தது, 15 பவுண்டு சர்க்கரை, 4 குவார்ட் காடி, 3 பவுண்டு 12 அவுன்ஸ் உப்பு. இவை 100 ரேஷனுக்கு உரியவை. ஒரு ஆளுக்கு வகுத்தால் வறுத்த காபி 36 கிராம், சர்க்கரை 68 கிராம், பீன்ஸ் 68 கிராம், உப்பு 17 கிராம், காடி 38 மி.லி.

மூன்று இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று, "அல்லது" என்ற சொல். அதை விட்டுவிட்டுப் பன்றியையும் மாட்டையும் சேர்த்தே தட்டில் வைப்பார்கள். இரண்டு, பைண்ட் என்ற திரவ அளவு. பிரிட்டனின் இம்பீரியல் பைண்ட் 568 மி.லி., அமெரிக்கப் பைண்ட் 473 மி.லி. இம்பீரியல் அளவு 1824ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நெப்போலியன் காலப் பிரிட்டிஷ் வீரனின் மூன்றில் ஒரு பைண்ட் ரம்மைக் கணக்கிடப் பழைய ஒயின் அளவைத்தான் எடுக்க வேண்டும், அதாவது சுமார் 158 மி.லி. மூன்று, பட்டியலில் இருப்பது எல்லாம் வீரனின் கைக்கு வந்துவிட்டது என்று நம்புவது. பட்டியல் என்பது அரசின் வாக்குறுதி. சாலை சேறானால், வண்டி வராவிட்டால், ரொட்டியும் காபியும் மட்டும்தான். எதை மறு ஆக்கம் செய்கிறீர்கள், வாக்குறுதியையா, கைக்கு வந்ததையா என்று நோட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மாற்றுக் கணக்கு: 1 பவுண்டு 454 கிராம், 1 அவுன்ஸ் 28.35 கிராம். முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் அவசர ரேஷன் இதன்படி 454 கிராம் டின் இறைச்சி, 340 கிராம் பிஸ்கட், 85 கிராம் சீஸ், 57 கிராம் சர்க்கரை, 28 கிராம் இறைச்சிச் சாறு, 18 கிராம் தேயிலை, 14 கிராம் உப்பு. வாசிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் இந்த எண்களை மேசையில் நிறுத்து வைத்துப் பாருங்கள். அதிகாரி அனுமதி தரும்வரை தொடக்கூடாது என்ற கட்டளையோடு இவ்வளவையும் ஒருவர் முதுகில் சுமந்தார் என்பது அப்போதுதான் உறைக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

போலி என்று சொல்லாமல் விற்கப்படும் மறு அச்சுகள் நிறைய. அச்சைக் கைலென்ஸில் பாருங்கள். 1940களின் அட்டையில் எழுத்து ஒரே நிறமாக, ஓரம் சற்றே அழுந்திப் பதிந்திருக்கும். நான்கு நிறப் புள்ளிகள் சிதறித் தெரிந்தால் அது இன்றைய பிரிண்டர். இருட்டறையில் புறஊதா விளக்கு காட்டுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின. பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும் "1943 பெட்டி" 1943ஐச் சேர்ந்ததல்ல. இந்தச் சோதனை ஒரு பக்கத்துக்குத்தான் செல்லும்: ஒளிராததால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது.

டின்னில் பக்கத் தையலைப் பாருங்கள். பற்றவைத்த தடித்த தையல் பழையது. மெல்லிய வெல்டிங் கோடு பிற்காலத்தது. இழுத்துத் திறக்கும் வளையம் 1960களுக்கு முன் இல்லை. அசலான பெட்டிக்குள் வேறு ஆண்டின் பொருள்களை நிரப்பி விற்பதும் உண்டு. கே ரேஷனில் காலை, மதியம், இரவு என மூன்று பெட்டிகளுக்கும் உள்ளடக்கம் வேறு: காலையில் முட்டை கலந்த இறைச்சியும் காபியும், மதியம் சீஸும் எலுமிச்சைப் பொடியும், இரவில் இறைச்சியும் சூப் பொடியும் சாக்லேட்டும். மதியப் பெட்டியில் காபிப் பொட்டலம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

விற்பவரிடம் நான்கு கேட்க வேண்டும்: டின்னின் இரு முனைகளின் படம், தையலின் படம், கிராமில் எடை, கசிவோ உப்பலோ உண்டா என்ற பதில். பழைய தீக்குச்சி, ஹெக்சமின் எரிபொருள் வில்லை, எம்.ஆர்.ஈ. சூடாக்கி ஆகியவற்றை விமான அஞ்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தச் சூடாக்கியில் மக்னீசியமும் இரும்பும் உப்பும் இருக்கின்றன. ஈரம் பட்டால் ஹைட்ரஜன் வெளியாகும்.

காத்து வைப்பது

வந்த அன்றே படம் எடுங்கள், எல்லாப் பக்கத்தையும் அளந்து, நிறுத்து, தேதியோடு எழுதுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை அதே தராசில் நிறுத்துப் பாருங்கள். நிரம்பிய டின் எடை குறைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளையில் கசிகிறது என்று பொருள். கண்ணைவிட தராசு பல மாதம் முன்னாலேயே சொல்லிவிடும்.

அறை 20 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். இந்த எண்களைவிட முக்கியம், அவை ஏறி இறங்காமல் இருப்பது. பகலில் சூடும் இரவில் குளிருமாக இருந்தால் டின் வியர்க்கும், வியர்த்தால் துருப்பிடிக்கும். டின்களை அமிலமில்லாத காகிதத்தில் பொதிந்து, ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். துருவை மணல்தாளால் தேய்க்காதீர்கள். துருவோடு பழைய வண்ணமும் எழுத்தும் போய்விடும். மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, வெற்று உலோகத்தில் மட்டும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசுங்கள். காகித லேபிளில் பட்டால் எண்ணெய்க்கறை போல நின்றுவிடும்.

பிஸ்கட்டிலும் சிகரெட்டிலும் சிறு பழுப்பு வண்டுகள் வரும். குண்டூசி முனையளவு துளைகளும் மாவு போன்ற தூளும் கண்டால் அந்தப் பொருளைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு முழு நாள் ஆன பிறகே பையைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். நிரம்பிய டின்னையும் மெழுகு அட்டையையும் உறையவைக்கக் கூடாது: முதலாவதன் தையல் பிளக்கும், இரண்டாவதன் மெழுகு வெடிக்கும்.

உப்பிய டின்னைத் திறக்க வேண்டாம். இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். டின் வேண்டும், உள்ளே இருப்பது வேண்டாம் என்றால், உப்பாத டின்னை மட்டும், திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் அணிந்து அடிப்பக்கமாக வெட்டிக் காலி செய்யலாம். பிறகு டின்னின் உட்புறம், கருவி, தரை எல்லாவற்றிலும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். வெளிப்பக்க எழுத்தில் பிளீச் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்டாக்: முதல் பாடம்

இனி சமையல். முதலில் செய்ய வேண்டியது ஹார்ட்டாக்தான், அதாவது பட்டியலில் கடின ரொட்டி என்று வந்தது. பொருள் இரண்டே, ஆனால் கற்றுத்தருவது ஏராளம். உள்நாட்டுப் போர்க்கால ஹார்ட்டாக் ஏறக்குறைய 79க்கு 73 மில்லிமீட்டர் செவ்வகம், அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிமன். ஒரு நாள் ரேஷனுக்கு 9 அல்லது 10. அதாவது 1 பவுண்டை 9ஆலோ 10ஆலோ வகுத்தால் ஒன்றின் எடை 45 முதல் 50 கிராம். இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்தது சரியா என்று இதுதான் சொல்லும்.

வெளுக்காத கோதுமை மாவு 500 கிராம், தண்ணீர் 200 மி.லி. உப்பு வேண்டுமானால் 5 கிராம். இல்லாமல் செய்ததும் உண்டு. எண்ணெய், வெண்ணெய், ஈஸ்ட், சோடா எதுவும் கூடாது.

1. தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றிப் பிசையுங்கள். முதலில் உதிர்ந்து, சேரவே சேராது போலிருக்கும். பொறுமையிழந்து தண்ணீரைக் கூட்டாதீர்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் சேர்ந்துவிடும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

2. 10 மில்லிமீட்டர் தடிமனுக்கு உருட்டுங்கள். இருபுறமும் 10 மி.மீ. மரச்சட்டம் வைத்து அதன்மேல் கட்டையை ஓட்டினால் எல்லா இடமும் ஒரே அளவாக வரும். ஸ்கேல் வைத்து 79க்கு 73 ஆக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் பச்சையாக 72 கிராம் அளவில் இருக்க வேண்டும். ஓரத்துணுக்குகளைச் சேர்த்து மறுபடி உருட்டினால் மொத்தம் 9 அல்லது 10 கிடைக்கும். ஒரு வீரனின் ஒரு நாள் ரொட்டி உங்கள் மேசையில் இருக்கிறது.

3. 3 மில்லிமீட்டர் கனமுள்ள மழுங்கிய கம்பியால் நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு என 16 துளைகள் போடுங்கள். துளை மறுபக்கம் வரை போக வேண்டும்.

4. 190 டிகிரியில் 30 நிமிடம், திருப்பிப்போட்டு இன்னொரு 30 நிமிடம். நிறம் வெளிர் பழுப்பைத் தாண்டக்கூடாது.

5. ஓவனை 95 டிகிரிக்குக் குறைத்து 3 மணி நேரம் உலர்த்துங்கள். அதன்பின் மணிக்கொருமுறை ஒரே துண்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு முறையும் ஒரே எடை காட்டினால் முடிந்தது. ஒன்று 46 முதல் 50 கிராம், மொத்தம் ஏறக்குறைய 460 கிராம்: ஒரு பவுண்டு.

6. வலைத்தட்டில் முழுதாக ஆறவிட்டு மறுநாள் டப்பாவில் அடையுங்கள்.

தவறுகளும் காரணங்களும்: நடுவில் பூரிபோல் உப்பினால் துளை மறுபக்கம் போகவில்லை, நீராவி வெளியேற வழியில்லை. மேலே வெடித்தால் ஓவன் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது. அதனால்தான் ஓவனின் குமிழை நம்பாமல் தனித் தெர்மாமீட்டர் கேட்டோம். இரண்டு வாரத்தில் பூஞ்சை வந்தால் வெளியே கல்போல் இருந்தும் நடுவில் ஈரம் நின்றிருக்கிறது. எடைச் சோதனையைத் தாண்டிக் குதித்ததன் விளைவு. நமத்துப்போனால் சூட்டோடு டப்பாவில் போட்டதுதான் காரணம். கடித்தால் சுலபமாக உடைகிறதா? மாவில் கொழுப்போ சோடாவோ சேர்ந்திருக்கிறது. அது பிஸ்கட், ஹார்ட்டாக் இல்லை.

இதை அப்படியே கடிக்க வேண்டாம், பல் உடையும். வீரர்களும் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தோ காபியில் ஊறவைத்தோதான் தின்றார்கள். புழுத்த ரொட்டியைச் சூடான காபியில் போட்டால் புழுக்கள் மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிட்டுக் குடித்தார்கள். குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பன்றிக் கொழுப்பில் வறுத்ததற்கு ஸ்கில்லிகலி என்று பெயர். இரண்டு துண்டுகளை இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் ஒற்றி ஈரமெடுத்து, உப்பிட்ட பன்றி இறைச்சி 60 கிராமை வாணலியில் உருக்கி அந்தக் கொழுப்பில் இருபுறமும் சிவக்க வறுங்கள். உப்பு தனியாக வேண்டாம்.

காபியும் நிறுத்தே போடுங்கள். பச்சைக் கொட்டை 45 கிராம் வறுத்தால் 36 கிராம் ஆகும். பட்டியலின் 10க்கு 8 என்ற கணக்கு உங்கள் வாணலியிலேயே நிரூபணமாகும். பாதியைத் துணிப்பையில் போட்டு நசுக்கி, 400 மி.லி. தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே சிறிது குளிர்ந்த நீர் தெளித்தால் தூள் அடியில் படியும்.

பட்டாணி உருளை: எர்ப்ஸ்வூர்ஸ்ட்

பெர்லின் சமையல்காரர் யோஹான் ஹைன்ரிஹ் கிரூனபெர்க் 1867இல் உருவாக்கி, 1870–71 பிரெஞ்சுப் போரில் பிரஷ்யப் படைக்கு மலைமலையாகப் போன உணவு இது. 1889 முதல் க்னோர் நிறுவனம் தயாரித்தது. 2018 முடிவில் நிறுத்தியது. ஆக, இன்று வேண்டுமானால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

உடைத்த மஞ்சள் பட்டாணி 300 கிராமை வேகவைத்து, தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 70 டிகிரியில் நொறுங்கும்வரை உலர்த்தி, மாவாக அரைத்துச் சலியுங்கள். பச்சைப் பட்டாணியை அப்படியே அரைத்தால் சூப் அரை மணி நேரம் கொதித்தும் பச்சை வாடை போகாது. முன்னமே வெந்த மாவு பத்தே நிமிடத்தில் கரையும். அந்த மாவு 250 கிராமுக்கு, உருக்கி வடிகட்டிய பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ 100 கிராம், மொறுமொறுப்பாக உலர்த்தித் தூளாக்கிய வெங்காயம் 20 கிராம், உப்பு 18 கிராம், மிளகுத்தூள் 2 கிராம். கொழுப்பைச் சூடாக்கி மாவில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, காகிதத்தில் 4 சென்டிமீட்டர் கனமுள்ள உருளையாக இறுக்கிச் சுற்றி, குளிர்பெட்டியில் இறுகவிடுங்கள்.

30 கிராம் வில்லையை நொறுக்கி, முதலில் கொஞ்சம் குளிர்ந்த நீரில் குழைத்து, பிறகு 250 மி.லி. கொதிநீரில் சேர்த்துப் பத்து நிமிடம் கிளறுங்கள். நேராகக் கொதிநீரில் போட்டால் கட்டி தட்டும். கொழுப்பில் இறைச்சித் துணுக்கோ ஈரமோ இருந்தால் ஒரு வாரத்தில் சிக்குவாடை வந்துவிடும். கொழுப்பை வடிகட்டச் சொன்னது அதற்காகத்தான். குளிர்பெட்டியில் மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மக்கோனகி

முதல் உலகப் போர்ப் பதுங்குகுழிகளில் பிரிட்டிஷ் வீரர்கள் அதிகமாக ஏசிய டின் இதுதான்: இறைச்சியும் காயும் சேர்ந்த குழம்பு. சூடாகச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும். குளிர்ந்த நிலையில் தின்ன நேர்ந்தவர்கள்தான் சபித்தார்கள்.

மாட்டிறைச்சி 340 கிராம், உருளைக்கிழங்கு 140, காரட் 30, வெங்காயம் 30, வேகவைத்த வெள்ளை பீன்ஸ் 30 கிராம், மாட்டெலும்புச் சாறு 60 மி.லி., மாவு ஒரு மேசைக்கரண்டி, கொழுப்பு ஒரு மேசைக்கரண்டி. காய்களைத் துண்டாக்கி ஆவியில் வேகவைக்கவும். இறைச்சியைக் கொழுப்பில் சிவக்க வறுத்து, சாறு ஊற்றி, மூடி, மிருதுவாகும்வரை வேகவிடவும். சுண்டினால் சிறிது வெந்நீர். காய்களையும் பீன்ஸையும் சேர்த்து, மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கவும். பாதியைச் சூடாகச் சாப்பிடுங்கள். மீதியைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் சூடாக்காமல் ஒரே ஒரு கரண்டி எடுங்கள். மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பு அண்ணத்தில் ஒட்டும். வீரர்களின் கடிதங்கள் எதைச் சொன்னன என்பது அந்த ஒரு கரண்டியில் விளங்கும்.

இதை வீட்டில் டின்னிலோ புட்டியிலோ அடைத்து அறையில் வைக்காதீர்கள். அழுத்தக் கேனர் கருவியும் சோதித்த நேர அட்டவணையும் இல்லாமல் இறைச்சியை அடைப்பது, முதலில் சொன்ன நஞ்சை நாமே வளர்ப்பதாகும். குளிர்பெட்டியில் மூன்று நாள், அவ்வளவுதான்.

டி ரேஷன் சாக்லேட்

கேப்டன் பால் லோகன் 1937இல் ஹெர்ஷி நிறுவனத்திடம் கேட்டது நான்கே நிபந்தனை: 4 அவுன்ஸ் எடை, நிறைந்த ஆற்றல், கடும் வெயிலிலும் உருகாமை, வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேலான ருசி. ருசியாக இருந்தால் அவசரத்துக்கு வைத்ததை முன்னாலேயே தின்றுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு பார் 600 கலோரி.

இனிப்பில்லாத சாக்லேட் 160 கிராம், பொடித்த சர்க்கரை 160, கொழுப்பு நீக்கிய பால்பொடி 70, கோகோ வெண்ணெய் 30, வெறும் வாணலியில் லேசாக வறுத்த ஓட்ஸ் மாவு 20 கிராம், வெனிலா ஒரு சிட்டிகைப் பொடி. சாக்லேட்டையும் கோகோ வெண்ணெயையும் வெந்நீர்மேல் வைத்த பாத்திரத்தில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் உருக்குங்கள். மற்றவற்றைச் சலித்துச் சேருங்கள். ஊற்ற வராது, களிமண்போல் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலும் முதலில் அச்சில் கையால்தான் அழுத்தினார்கள். 110 கிராம் வீதம் நான்காகப் பிரித்து அழுத்துங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மணல்மணலாகத் திரிந்துவிடும். வெனிலா திரவம் வேண்டாம் என்பது அதற்காக.

சோதனை: மறுநாள் ஒரு பாரைத் தட்டில் வைத்து 49 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் விடுங்கள். மிருதுவாகலாம், ஆனால் வடிவம் சரியக்கூடாது. சரிந்தால் அடுத்த முறை ஓட்ஸ் மாவை 10 கிராம் கூட்டுங்கள். சாப்பிடும்போது அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சிறுகக் கடியுங்கள்.

உறையும் பெட்டியும்

அசல் பெட்டியை அளந்து, பிரித்துக் காட்டும் படத்தைப் பார்த்து அதே மடிப்போடு வெட்டுங்கள். மெழுகில் முக்குவதானால் பாரஃபினை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 75 முதல் 80 டிகிரிக்கு உருக்குங்கள். அதைவிடச் சூடானால் மெழுகு அட்டைக்குள் ஊறி அச்சு மங்கும். ஆறிப்போனால் தடித்து, பால்போல் வெளுத்து, மடிப்பில் வெடிக்கும். இரண்டு விநாடி முக்கி எடுத்து, சொட்டு நின்றதும் தலைகீழாக இன்னொரு முறை. மெழுகை விட்டு அறையைவிட்டுப் போகாதீர்கள். இன்றைய மையும் பசையும் உள்ள இந்தப் பெட்டியைக் கொளுத்திக் காபி போட வேண்டாம். ஹெக்சமின் வில்லையில் சமைப்பதானால் திறந்தவெளியில் மட்டும்; அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

ஒவ்வொரு மறு ஆக்கப் பெட்டியின் உள்மடிப்பிலும் அழியாத மையில் "மறு ஆக்கம்" என்றும் செய்த ஆண்டையும் எழுதுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். இருபது ஆண்டு கழித்துக் கை மாறும்போது அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நீங்கள் செய்த பெட்டியே இன்னொருவரை ஏமாற்றும்.

ஒரு முழு நாள்

தனித்தனிப் பண்டத்தை ருசித்தால் பாதிதான் தெரியும். ஒரு முழு நாள் ரேஷனை நிறுத்து வைத்து, வேறெதுவும் சாப்பிடாமல், நல்ல நடையோடு கழித்துப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கு இது கூடாது. இந்த உணவுகளில் உப்பு மிக அதிகம், காய்கறி கிட்டத்தட்ட இல்லை. தண்ணீரைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை: எந்தப் படை, எந்த ஆண்டின் பட்டியல், எதற்குப் பதில் எதைப் போட்டீர்கள், பச்சை எடை, வெந்த எடை, எரிபொருள் எவ்வளவு, தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிடம், எப்போது பசித்தது. கடைசியில், ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு ஹார்ட்டாக்கைத் தின்னாமல் எடுத்து, அடியில் தேதியும் எடையும் பென்சிலால் எழுதி, தனி டப்பாவில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து நிறுத்துப் பாருங்கள். 2 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் மூடி வழியே ஈரக்காற்று போகிறது. டப்பாவை மாற்றிவிட்டு, அந்தத் துண்டை 95 டிகிரியில் பழைய எடைக்கு வரும்வரை மறுபடி உலர்த்துங்கள்.